கோல்ஃபில் என் 7 அயர்ன் (நடுத்தூரத்துக்கு அடிக்கும் இரும்புத் தலைக் கிளப், அதாவது மட்டை) ஒரு நேரம் மண்ணைத் தோண்டுகிறது, ஒரு நேரம் பந்தின் தலையில் படுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பயிற்சி இடத்து விரிப்பில் (மேட்) நன்றாகப் போகிற பந்து புல்லில் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வலது கை ஆட்டக்காரர், சின்ன வயதில் தெருவில் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடியவர் என்று வைத்துக்கொள்கிறேன். நம் ஊரில் முப்பது வயதுக்கு மேல் கோல்ஃபுக்கு வருகிறவர்களில் வேறு ரகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே கோளாறுதான். ஸ்விங், அதாவது கிளப்பை வீசுவது, ஒரு வளைவு. அதன் அடிப்புள்ளி, அதாவது மிகத் தாழ்ந்த இடம், பந்தைத் தாண்டி, இலக்குப் பக்கம் இருக்க வேண்டும். உங்களுக்கு அது பந்துக்குப் பின்னாலேயே வந்துவிடுகிறது. அங்கே தரையில் பட்டால் மண். படாமல் தப்பினால் கிளப் மேலே ஏறிக்கொண்டே வந்து பந்தின் நடுவில் இடிக்கும். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர், அதில் பாதி எவ்வளவு என்று பாருங்கள். அந்த 21 மில்லிமீட்டருக்குள் கிளப்பின் கீழ் விளிம்பு நுழையாவிட்டால் பந்து உருளத்தான் செய்யும்.

எனக்கும் இதே கதைதான், அதுவும் ரொம்ப நாள். சான்றிதழ் வைத்திருந்த ஒரு பயிற்சியாளர் என்னை வீடியோ எடுத்து, திரையில் கோடு கோடாகப் போட்டு, "தலையை அசைக்காதீங்க" என்றார். நானும் அசைக்கவில்லை. விளைவு, உடல் எடை முழுக்க வலது காலிலேயே தங்கிவிட்டது. கடைசியில் தீர்வு சொன்னது எனக்குப் பை தூக்க வந்த ஒரு காடி அண்ணன். நாலு ஹோல் வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் ஐந்தாவதில் சொன்னார்: "சார், பந்தைத் தூக்கறது உங்க வேலை இல்ல. அதுக்குத்தான் இரும்பைச் சாய்ச்சு வெச்சிருக்கான். நீங்க இடது கால்ல போய் நில்லுங்க."

கிரிக்கெட்டில் சிக்ஸர் வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, கீழ்க் கையால் தூக்கிவிடுவோம். எழும்பி வரும் பந்துக்கு அது சரி. தரையில் கிடக்கும் பந்தை அப்படித் தூக்கப் போனால் மணிக்கட்டு முன்கூட்டியே அவிழ்ந்து, கிளப் தலை கையை முந்திவிடும். அடிப்புள்ளி பின்னால் போவது அதனால்தான். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் 7 அயர்ன் சராசரியாக 4 டிகிரி அளவுக்குக் கீழ்நோக்கித்தான் பந்தில் படுகிறது. ஆனாலும் பந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 சுற்று சுழன்றுகொண்டு மேலே போகிறது.

செய்து பார்க்க வேண்டியது இதுதான். பந்து வேண்டாம். புல்லிலோ மணலிலோ ஒரு கோடு போட்டு, அது இரண்டு காலுக்கும் நடுவில் வரும்படி நில்லுங்கள். 9 அயர்னில் அரை ஸ்விங். தோண்டப்படும் மண் கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கம் போக வேண்டும். கோட்டுக்குப் பின்னால் பட்டால் எடை இன்னும் வலது காலில் இருக்கிறது என்று அர்த்தம். டவுன்ஸ்விங்கில் கை இறங்குவதற்கு முன்பே எடை இடது காலுக்கு வந்துவிட வேண்டும். முடிக்கும்போது வலது காலைத் தூக்கியும் நிற்க முடிந்தால் சரி. இது வந்த பிறகு பந்தை வையுங்கள், அப்புறம் முழு ஸ்விங்.

விரிப்பை நம்பாதீர்கள். கிளப் இரண்டு அங்குலம் பின்னால் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும், சத்தம்கூட அருமையாகக் கேட்கும். வேறு வழியில்லை என்றால் பந்துக்கு ஒரு சாண் பின்னால் துண்டை மடித்துப் போடுங்கள். துண்டில் படாமல் அடிக்க வேண்டும்.

ஷாஃப்டை, அதாவது கிளப்பின் தண்டை, முன்னால் சாய்க்கச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று யாராவது வருவார்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். எடை சரியாக நகர்ந்தால் சாய்வு தானாக வரும். கையால் வலிந்து சாய்த்தால் பந்து தாழ்வாக வலப்பக்கம் ஓடும். "ஒரு காடி சொன்னதையா ஊருக்குச் சொல்கிறீர்கள்" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: 2009இல் இந்தியன் ஓப்பன் வென்ற சி. முனியப்பாவும் காடியாக இருந்து வந்தவர்தான். எனக்கு வழி சொன்ன அண்ணனோ உறுப்பினர்கள் உட்காரும் இடத்தில் ஒரு காபி குடிக்க முடியாது. வெளியே மரத்தடியில் நிற்க வேண்டும். திரையில் கோடு போட்ட பயிற்சியாளருக்குக் கொடுத்த கட்டணத்தை நினைத்தால் இன்னும் எரிகிறது.

கிளப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் இப்போதைக்கு வேண்டாம். பழைய 7 அயர்னின் முகச் சாய்வு 35 டிகிரி அளவில் இருக்கும். சாய்வு குறைந்தால் தூரம் கூடும். இப்போது புதியவர்களுக்கு விற்பதில் பல 28, 30 என்று வந்துவிட்டன. அது அந்தக் காலத்து 5 அயர்ன். "7 அயர்னில் 170 கஜம்" என்று நண்பர் அலட்டினால் முதலில் எத்தனை டிகிரி என்று கேளுங்கள்.