குடில் செட்டும் சுங்குடியும்: கிறிஸ்துமஸ் சந்தையில் என்ன பார்த்து வாங்குவது?

கேள்வி: எங்கள் ஊர் சர்ச் வளாகத்தில் டிசம்பரில் சின்னதாக ஒரு கிறிஸ்துமஸ் சந்தை போடுகிறார்கள். குடில் பொம்மை, சுங்குடி, ஓலைக் கூடை என்று எல்லா ஸ்டாலிலும் ‘கைவினை’ என்று போர்டு தொங்குகிறது. எது உண்மையிலேயே கையால் செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகி, திருமங்கலம்

பதில்: போர்டை விடுங்கள், ஸ்டாலில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். “இது எதுல செஞ்சதுண்ணே, எங்க செஞ்சீங்க?” என்று கேட்டால் போதும். செய்தவர் என்றால் மண் எங்கிருந்து வருகிறது, மழையில் காயாமல் பட்ட பாடு என்ன என்று நிறுத்தாமல் சொல்வார். மொத்தமாக வாங்கி வந்து விற்பவர் விலைக்குத் தாவிவிடுவார். வாங்கி விற்பது குற்றமில்லை. கைவேலைக்கான விலையை அவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

குடில் செட்டுக்கு நம் பக்கத்தில் பேர்போன ஊர் மதுரைப் பசுமலையை ஒட்டிய விளாச்சேரி. நவராத்திரிக்குக் கொலு பொம்மை முடிந்த கையோடு அங்கே மாதா, சூசையப்பர், மூன்று ராசாக்கள், இடையர், ஆடு, மாடு என்று குடில் வேலை தொடங்கிவிடும். களிமண், காகிதக்கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று மூன்று விதமாகவும் பொம்மைகள் கிடைக்கும். பெயின்ட் அடித்த பிறகு மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே பெயின்ட் இருக்காது. சுட்ட மண் செம்மையாக இருக்கும், விரலால் சுண்டினால் கணீரென்று கேட்கும். பிளாஸ்டர் வெள்ளையாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் மாவு உதிரும். காகிதக்கூழ் கையில் எடுத்ததுமே எடை இல்லாமல் இருக்கும். கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

குடிலை வாசலில் வைப்பீர்களா, வீட்டுக்குள்ளா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மழையும் மார்கழிப் பனியும் பிளாஸ்டருக்கும் காகிதக்கூழுக்கும் ஆகாது. வாசலுக்கு என்றால் சுட்ட மண்தான். அப்புறம், செட்டாக வாங்கும்போது உருவங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்து வாங்குங்கள். இடையரைவிட ஆடு உயரமாக நிற்கும் செட்டுகளும் விற்பனைக்கு வரும்!

சுங்குடி விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். மதுரையில் சௌராஷ்டிரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் சேலை அது. புவிசார் குறியீடும் பெற்றது. துணியைச் சிறு சிறு முடிச்சாக நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. கையால் கட்டியதால் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது, முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கியும் இருக்கும். எல்லாப் புள்ளியும் அச்சு அசலாக ஒரே அளவில் இருந்து, பின்பக்கம் வெளிறியும் தெரிந்தால் அது பிரின்ட். இன்று சுங்குடி என்ற பெயரில் வருவதில் பிரின்ட் நிறைய. கட்டுவதற்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பிரின்ட் விலைக்கு வாங்குங்கள்.

கைக்கட்டு என்று உறுதியாகிவிட்டால் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுகிறார்கள்.

கேள்வி: போன வருடம் இப்படி ஒரு சந்தையில் வாங்கிய சேலை முதல் சலவையிலேயே திட்டுத் திட்டாகச் சாயம் போய்விட்டது. பில் தரவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று எழுதி வைத்திருந்தார்கள். ஏதாவது செய்ய முடியுமா?
வாசகர், மேலூர்

பதில்: கைச்சாயத்தில் அடர் நிறங்கள் முதல் ஓரிரு சலவையில் கொஞ்சம் நீரில் இறங்குவது சகஜம். திட்டுத் திட்டாகப் போவது குறைபாடு.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் நீங்கள் கேட்கலாம். அந்தப் போர்டு இதை மாற்றாது. ஆனால், நிறம் பிடிக்கவில்லை, வீட்டில் மனசு மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இந்த உரிமை கிடையாது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடைக்காரர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். போன வருடத்துச் சேலை என்பதால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், மூன்று நாளில் ஸ்டாலைப் பிரித்துக்கொண்டு போனவரை எங்கே தேடுவது? ஜிபே, போன்பே மூலம் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவில் பெயர் இருக்கும், அதுவும் ஆதாரம்தான். சந்தை நடத்தியவர்களிடம் ஸ்டால் போட்டவர்கள் விவரம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். இனிமேல் வாங்கும்போது அச்சடித்த பில் இல்லை என்றாலும் பரவாயில்லை, ஒரு துண்டுச் சீட்டில் தேதி, பொருள், விலை, பெயர், போன் நம்பர் எழுதி வாங்குங்கள். கையால் செய்து விற்பவர் சந்தோஷமாகவே எழுதித் தருவார், அடுத்த ஆர்டர் அந்த நம்பருக்குத்தானே வரப்போகிறது.

கேள்வி: சந்தையில் வீட்டில் செய்த பிளம் கேக் விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
வாசகி, உசிலம்பட்டி

பதில்: வாங்கலாம். வீட்டில் செய்து விற்பவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பாக்கெட் லேபிளில் 14 இலக்கப் பதிவு எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை சேர்த்ததா, பழங்களை ரம்மில் ஊறவைத்ததா என்பதை வாய்விட்டே கேட்டுவிடுங்கள், குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கொடுப்பீர்கள் அல்லவா. மேலே ஈரக் கிரீம் பூசிய கேக்கை வெயிலில் வைத்து விற்றால் தொடவே வேண்டாம்.