டாக்ஸி காசும் படிப்புச் செலவுதான்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கல்லூரியின் பதிவு அலுவலகத்தில் 26 வருஷம் வேலை பார்த்தவள் நான். அதனாலோ என்னவோ, படிப்பு சம்பந்தமான கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. இந்த இதழுக்கு மூன்று.

கேள்வி: நான் படித்த பல்கலைக்கழகம் நன்கொடை கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறது. ஏற்கெனவே பல மில்லியன் ரான்ட் சேர்ந்துவிட்டதாம். பென்ஷனிலிருந்து மாதம் 200 ரான்ட் என்னால் முடியும். கடலில் கரைத்த பெருங்காயம் ஆகிவிடாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பீனிக்ஸ்

பதில்: ஆகாது ஐயா. நம் ஊரில் படிப்பு வளர்ந்ததே சின்னக் காசில்தான். அந்தக் காலத்தில் இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட வேண்டுமென்றால், நம் ஜனங்கள் ஒரு பவுண்டு திரட்டினால்தான் அரசு ஒரு பவுண்டு போடும். கரும்பு வெட்டியவரும் காய்கறிக் கூடை சுமந்தவரும் கொடுத்த ஷில்லிங்கில் எழுந்த சுவர்கள் அவை. எம்.எல். சுல்தான் 1890-இல் ஒப்பந்தக் கூலியாக வந்து, ரயில்வேயில் மூட்டை தூக்கியவர். அவர்தான் பிற்பாடு தொழில்நுட்பக் கல்லூரிக்காக 12,500 பவுண்டு கொடுத்தார். 1946-இல் அவர் பெயரில் தொடங்கிய கல்லூரி, 2002-இல் டெக்னிகான் நாட்டால் என்ற இன்னொரு கல்லூரியோடு இணைந்து, இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக இருக்கிறது.

ஆனால் கொடுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள். எவ்வளவு சேர்ந்தது என்று சொல்லிவிட்டார்கள், சரி. சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே போனார்கள்? உயர்கல்வி மன்றத்தின் 2013 அறிக்கைப்படி, இந்த நாட்டில் நேரில் வந்து படிப்பவர்களில் நாலில் ஒருவர்தான் குறித்த காலத்தில் முடிக்கிறார். தொலைவிலிருந்து படிப்பவர்களையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 55 சதவீதம் பேர் பட்டமே வாங்கமாட்டார்கள் என்று அந்த அறிக்கை கணக்கிட்டது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்த முகங்களை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன்.

டொங்காட்டிலிருந்து வந்த ஒரு பையன் ஆகஸ்ட் மாதத்தில் படிப்பை விட்டுப் பெயரை எடுக்கும் படிவத்தோடு வந்து நின்றான். பர்சரி, அதாவது உதவித்தொகை, பீஸைக் கட்டிவிட்டது. பலரும் சேர்ந்து ஏறும் வேன் டாக்ஸிதான் இங்கே பஸ் மாதிரி; தினம் இரண்டு டாக்ஸி மாறி வரத்தான் காசில்லை. டெஸ்ட் நாளில் மட்டும் வரப் பார்த்து, அதுவும் முடியாமல் போயிருக்கிறது. நானும் ஒரு விரிவுரையாளரும் இன்னும் இரண்டு பேருமாக நவம்பர் வரைக்கும் அவனுக்கு டாக்ஸி காசு கொடுத்தோம். பாஸ் பண்ணிவிட்டான். அதற்கு முந்தின வருஷம் ஒரு பெண் இதே படிவத்தை நீட்டினாள். வரிசை நீளமாக இருந்தது. ஏன் என்று கேட்காமலே முத்திரை குத்தினேன். அவள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் உங்கள் 200 ரான்டை பொது நிதிக்கு என்று விடாமல், பிள்ளைகளின் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். வருமான வரிக் கழிவுக்கு 18ஏ ரசீது தருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கோவிலில் கூழ் ஊற்றும் நாளுக்கு நாம் அரிசிக்கு இவ்வளவு, மோருக்கு இவ்வளவு என்று சொல்லித்தானே கொடுக்கிறோம்.

கேள்வி: இந்தப் பல்கலைக்கழகங்களால் சுற்றியிருக்கும் ஜனங்களுக்கு என்ன லாபம்?
— வாசகர், ஓவர்போர்ட்

பதில்: டர்பனின் வார்விக் சந்தைப் பக்கம் போய்ப் பாருங்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகுவலிக்குக் கைரோபிராக்டிக் கிளினிக் இருக்கிறது, ஹோமியோபதி கிளினிக்கும் இருக்கிறது. மாணவர்கள் பார்ப்பார்கள், மேற்பார்வைக்கு ஆள் உண்டு. பக்கத்திலேயே 1910-லிருந்து நடக்கும் காலைச் சந்தை. அங்கே கீரை விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் எத்தனையோ. 2009-இல் அதை இடித்து மால் கட்டப் பார்த்தார்கள். வியாபாரிகள் போராடித் தடுத்தார்கள். படித்து மேலே போன பிள்ளைகளும் அந்தச் சந்தையின் பக்கம் நிற்கவேண்டும் என்பது என் ஆசை. பல்கலைக்கழகம் ஊரை முன்னேற்றுகிறோம் என்று சொன்னால், சந்தைக்காரர்களை முதலில் கூப்பிட்டுக் கேட்கவேண்டும்.

கேள்வி: மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். இரண்டு மாட்யூல் (பாடம்) பெயில். விட்டுவிடுகிறேன் என்கிறான். அவன் அப்பா கத்துகிறார். நான் என்ன செய்ய?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: தங்கச்சி, இந்த வாரம் அவன் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவேண்டாம். அது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாட்யூல் போனால் படிப்பே போய்விட்டது என்று இல்லை. அடுத்த வருஷப் பாடத்துக்கு அவை கட்டாயமா, திரும்ப எப்போது எழுதலாம் என்று பேகல்டி அலுவலகத்தில் அவனே போய்க் கேட்கட்டும். நீங்கள் வாசலில் உட்கார்ந்திருங்கள். என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் உதவிப் பணத்தில் படிக்கிறானென்றால், படிப்புக்கு உரிய வருஷங்களுக்கு மேல் ஒரு வருஷம்தான் அது கிடைக்கும். ஆகவே கணக்குப் போட்டே நடக்கவேண்டும். மாணவர்களுக்கான கவுன்சலிங்கும் உண்டு, அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, சாப்பாடு போட்டுவிட்டுக் கேளுங்கள்: பாடம் புரியவில்லையா, காசு போதவில்லையா, அங்கே பேச ஒரு ஆள் இல்லையா? கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.