பழைய கார்வெட்டுக்கும் புதிய கார்வெட்டுக்கும் என்ன வேறுபாடு?

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான செவர்லே கார்வெட்டின் 1963 மாடலான ஸ்டிங் ரேயையும் இன்றைய எட்டாம் தலைமுறை கார்வெட்டையும் பிரிப்பது வேகம் மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, முதலில் இன்ஜின் இருக்கும் இடம்.

ஸ்டிங் ரேயின் 5.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் முன்பக்கம் இருந்தது. 2020 மாடல் முதல் 6.2 லிட்டர் வி8 ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. பின்சக்கரங்கள் மீது எடை கூடுவதால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டயர்கள் வீணாகச் சுழலாமல் சாலையைப் பற்றிக்கொள்கின்றன. இன்ஜினை இப்படிப் பின்னால் வைக்கப் பல ஆண்டுகள் வாதாடிய கார்வெட் பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் 1996இல் மறைந்தார். பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

குதிரைத்திறனை அப்படியே ஒப்பிடாதீர்கள். பழையதன் உச்ச அளவான 360, இன்ஜினைத் தனியே வைத்து, சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்தது. புதியதன் 490 அந்தச் சுமைகளோடு சேர்த்து அளந்தது. உண்மையான இடைவெளி இன்னும் பெரியது.

ஆனாலும் புதியதில் கிளட்ச் பெடலே இல்லாதது எனக்குப் பெரிய குறை. கியரைக் கையால் மாற்றும் சுகம் பழையதில்தான். 1963இல் மட்டும் வந்த, நடுவே பிளந்த பின்கண்ணாடி பேரழகு. பின்னால் வருவதை மறைக்கிறது என்று அடுத்த ஆண்டே நீக்கினார்கள்.

ஓட்டுவதற்காகப் பழையது வாங்குவதானால் 1965 மாடலைப் பாருங்கள். நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் அதில்தான் வந்தது.