பிரா அளவு: வாசகியரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரவிக்கைக்குத் தையற்காரர் 36 என்று அளவெடுக்கிறார், பிராவும் 36 தான் வாங்குகிறேன். ஆனால் முதுகில் பட்டை மேலேறிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

பதில்: ரவிக்கையின் 36 என்பது மார்பின் எடுப்பான பகுதியைச் சுற்றி எடுத்த அளவு. பிராவின் எண்ணோ மார்புக்குக் கீழே விலா எலும்புகளைச் சுற்றி அமரும் பட்டையைக் குறிப்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் நம் பெண்களில் பலர் பட்டை தளர்ந்ததும் கப் சிறியதுமான பிராவை ஆண்டுக்கணக்கில் அணிந்து அவதிப்படுகிறார்கள்.

பஞ்சு வைக்காத மெல்லிய பிரா அணிந்து நிமிர்ந்து நின்று, மூச்சை வெளியே விட்டபின், மார்புக்கு நேர் கீழே இன்ச் டேப்பைத் தரைக்கு இணையாக, உடலோடு ஒட்டப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். இந்தக் கீழ்ச்சுற்று அளவு ஒற்றைப்படை எண்ணாக வந்தால் அடுத்த இரட்டைப்படை எண்ணே பட்டையின் அளவு. பிறகு மார்பின் எடுப்பான பகுதியை இறுக்காமல் அளந்து, அதிலிருந்து பட்டையின் அளவைக் கழியுங்கள். வேறுபாடு 1 அங்குலம் என்றால் ஏ கப், 2 என்றால் பி, 3 என்றால் சி, 4 என்றால் டி. உங்களுக்குக் கீழ்ச்சுற்று 32 என்று வந்தால், மார்பளவு 36-க்கும் அதற்கும் வேறுபாடு 4; எனவே உங்கள் அளவு 36 அன்று, 32-டி. 'டி' என்றதும் தயங்க வேண்டாம். அந்த எழுத்து பட்டையோடு சேர்ந்துதான் பொருள் தரும், தனித்து நின்று பெருத்த மார்பைக் குறிப்பதில்லை. கீழ்ச்சுற்றோடு 4 அல்லது 5 அங்குலம் கூட்டும் பழைய முறையைச் சில கடைகளில் இன்றும் பின்பற்றுகிறார்கள். இன்றைய எலாஸ்டிக் துணிகளில் அது பெரும்பாலும் தளர்ந்த பட்டையையே தரும்.

கேள்வி: ஸ்ட்ராப் அழுந்தித் தோளில் தடம் விழுகிறது. அகலமான ஸ்ட்ராப் வாங்கினால் போதுமா?

பதில்: ஓரளவு உதவும். ஆனால் எடையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது பட்டையே. அது தளர்ந்திருந்தால் சுமை முழுவதும் தோளில் இறங்கும். பட்டையில் ஓர் அளவு குறைத்து, கப்பில் ஓர் எழுத்து கூட்டிப் பாருங்கள். 36-பி, 34-சி, 32-டி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றே. பொருத்தமான பிரா அணிந்த பின்னும் கழுத்துவலியோ கை மரத்துப்போதலோ நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கடையில் போட்டுப் பார்க்க இடமில்லை. வீட்டில் எதைச் சரிபார்ப்பது?

பதில்: மாற்றித் தருவார்களா என்று முன்பே கேளுங்கள், அதற்கும் மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். வீட்டில் விலைச்சீட்டைப் பிரிக்காமல், மிகத் தளர்ந்த வரிசைக் கொக்கியில் மாட்டுங்கள். எலாஸ்டிக் நாளடைவில் தளரும்போது உள்வரிசைகள் கைகொடுக்கும். முன்னால் குனிந்து, அக்குள் பக்கத்துச் சதையையும் கப்புக்குள் அமர்த்தியபின் நிமிருங்கள். பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. வயர் வைத்த பிரா என்றால் நடுப்பகுதி நெஞ்செலும்பில் படிந்திருக்க வேண்டும். வயர் மார்பின் மீது ஏறாமல் அதைச் சுற்றி நிற்க வேண்டும். மேல் விளிம்பில் சதை பிதுங்கினால் கப் சிறிது. துணி சுருங்கி நின்றால் பெரிது.

கேள்வி: ஒரு மார்பு சற்றுப் பெரிதாக இருக்கிறது. எதற்கேற்ப வாங்குவது?

பதில்: பெரியதற்கேற்ப. இத்தகைய வேறுபாடு மிக இயல்பானது; மறுபக்கத்தில் கழற்றக்கூடிய பேட் வைத்துக்கொள்ளலாம். திடீரெனத் தோன்றிய வேறுபாடு என்றால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பிரா அணிவதால் மார்பகப் புற்றுநோய் வரும் என்கிறார்களே?

பதில்: வராது. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம், மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வயர் வைத்த பிராவுக்கோ நாளொன்றுக்கு அணியும் நேரத்துக்கோ நோயோடு தொடர்பு காணப்படவில்லை.

கேள்வி: பிரசவத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது. பாலூட்டும் பிராவை இப்போதே வாங்கலாமா?

பதில்: இரண்டு மட்டும் வாங்குங்கள், வயர் இல்லாததாக. கர்ப்பத்தில் விரிந்த விலாப்பகுதி பிறகு சுருங்குமாதலால், இப்போது தளர்ந்த கொக்கியில் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். பால் சுரந்து மார்பு பெரிதாவதற்கு ஏற்பக் கப்பில் சற்று இடம் விடுங்கள். இறுக்கமான பிரா ஓரிடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் பால் கட்டிக்கொள்ளும். மார்பு சிவந்து, வலித்து, காய்ச்சலும் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: சரியான பிரா வாங்கினேன், இப்போது ரவிக்கைகள் பொருந்தவில்லை!

பதில்: மார்பு உரிய உயரத்துக்கு ஏறியதால், ரவிக்கையின் டார்ட் (மார்பின் வடிவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் தையல்) முனைகள் கீழே நிற்கின்றன. உள்ளே தையலுக்குக் கூடுதல் துணி விட்டிருந்தால் பிரித்துச் சரிசெய்யலாம். இனி அளவு கொடுக்கச் செல்லும்போது புதிய பிராவையே அணிந்து செல்லுங்கள். பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுக்காதீர்கள்.