கொப்பிக் கடனும் குளிரூட்டிய கடையும்

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்து ஓய்ந்தவர், கடை, சந்தை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அப்பா காலத்திலிருந்து வெள்ளவத்தையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். ஒழுங்கைக்கு எதிரே சுப்பர்மார்க்கெட் ஒன்று வரப்போகிறது. ஆசியா முழுவதும் சின்னக் கடைகள் மூடப்படுகின்றன என்கிறார்கள். நாங்களும் விற்றுவிட்டுப் போகலாமா?
(வெள்ளவத்தை வாசகர்)

தம்பி, அவசரப்பட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். எதிர்க்கடையின் குளிரூட்டியைப் பார்க்க வேண்டாம், அவர்களுடைய சாமான் எந்த வழியால் வருகிறது என்று பாருங்கள். உங்கள் பருப்பு கப்பலில் வந்து, இறக்குமதிக்காரர் கைமாறி, எங்கள் தெருவில் ஒருவரிடம் இறங்கி, மூட்டை சுமக்கிற நாட்டாமை முதுகில் ஏறி, லொறியில் வெள்ளவத்தைக்கு வருகிறது. போகிற வழியில் ஒவ்வொரு கையும் கொஞ்சம் எடுக்கும். சுப்பர்மார்க்கெட்காரர் அதில் சில கைகளை வெட்டிவிடுகிறார். விலை குறைவது அங்கேதான்.

1983இல் கார்கில்ஸ் கொம்பனி ஸ்டேபிள்ஸ் வீதியில் முதல் ஃபுட் சிட்டியைத் திறந்தபோது எங்கள் தெருவில் ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த வருடம் எங்களுக்கு வேறு கவலைகள் இருந்தன. எங்களை யோசிக்க வைத்தது 1999. அப்போதுதான் அவர்கள் ஹங்குராங்கெத்தையில் கொள்வனவு நிலையம் போட்டு, மரக்கறியைத் தோட்டக்காரரிடமே நேரே வாங்கத் தொடங்கினார்கள்.

ஆனால் சின்னக் கடை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி முடிந்துபோகவில்லை. ஜப்பானை எடுங்கள். 1974இல் டோக்கியோவின் டொயோசுவில் செவன் இலவன் முதற்கடை திறந்தது. அது கொம்பனி கட்டிய கடை அல்ல, ஓர் இளைஞர் தன் குடும்பத்து மதுபானக் கடையைத்தான் அப்படி மாற்றினார். பெரிய கடைகளுக்குக் கடிவாளம் போடும் சட்டமும் அங்கே அதே காலத்தில்தான் வந்தது. அதனால் பெரிய கொம்பனிக்குச் சின்ன முதலாளியோடு கூட்டுச் சேர்வது இலாபமாகப் பட்டது. இடமும் உழைப்பும் இவருடையவை, பெயர்ப்பலகையும் சரக்கும் கணக்கு முறையும் அவர்களுடையவை. ஆரம்பத்தில் ஒரு கடைக்கு நாளொன்றுக்கு 70 லொறிகள் வரை வந்து நின்றனவாம், பால் ஒருவர், பாண் ஒருவர் என்று. பிறகு போட்டிக் கொம்பனிகளின் பாலையெல்லாம் ஒரே லொறியில் ஏற்ற வைத்தார்கள். அந்தக் கடைச் சங்கிலி வென்றது இதனால்தான் என்பேன். வாசலில் எரிகிற லைட்டை எல்லோரும் போடலாம்.

இந்தோனேசியாவில் இன்டோமாரட், அல்ஃபாமார்ட் என்று இரண்டு சங்கிலிகள். இரண்டுக்கும் சேர்த்து 40,000 கடைகளுக்கு மேல். அப்படியிருந்தும் பக்கத்திலேயே ‘வாருங்’ என்கிற பெட்டிக்கடை ஓடுகிறது. பிலிப்பைன்ஸில் வீட்டு ஜன்னலிலேயே நடக்கும் ‘சாரி-சாரி’ கடையும் அப்படியே. காரணம் இரண்டு. ஒரேயொரு ஷாம்பு பைக்கற் என்றுகூட உடைத்து விற்கலாம். தெரிந்த முகத்துக்குக் கடன் கொடுக்கலாம். (அந்த ஷாம்பு பைக்கற்றை இந்தியாவில் பிரபலமாக்கியவர் கடலூர்த் தமிழர் சின்னிகிருஷ்ணன். நம்மவர் பெருமையையும் ஒருக்கால் சொல்லிவைப்போம்.)

சரி, உங்களுக்கு வருவோம். பால்மா, பிஸ்கட், சவர்க்காரம் இவற்றில் எதிர்க்கடையோடு விலைப்போட்டிக்குப் போகாதீர்கள், அவர்களுக்குக் கிடைக்கிற விலைக்கழிவு உங்களுக்குக் கிடைக்காது. மாசி, நல்ல கருவாடு, அன்றன்று வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், காலையில் சூட்டோடு இடியப்பம், இவற்றில் நில்லுங்கள். மாடி வீடுகளுக்கு வட்ஸ்அப்பில் ஓர்டர் எடுத்து ஒரு பையனை அனுப்புங்கள். கடன் கொப்பியை மூடிவிடாதீர்கள், ஆனால் மாதக் கடைசியில் கணக்குத் தீர்க்காதவருக்கு அடுத்த மாதம் பக்கம் திறக்க வேண்டாம். மொத்தக்காரருக்கு நீங்கள் கொடுக்கிற பிந்திய டேட் போட்ட செக்கும் அந்தக் கொப்பியை நம்பித்தானே நிற்கிறது. 2022இல் டொலர் இல்லாமல் துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கியபோது எங்கள் பக்கம் தவணை சுருங்கி, காசு வைத்தால்தான் மூட்டை என்று ஆனது. அப்போது தாக்குப்பிடித்தவர்கள் வெளியே நின்ற கடனை ஒழுங்காக வசூலித்திருந்தவர்கள்தான்.

வோல்மார்ட், கார்ஃபூர் போன்ற உலகக் கொம்பனிகள் ஆசியாவில் ஏன் பின்வாங்கின?
(உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி, பம்பலப்பிட்டி)

பிள்ளை, நல்ல கேள்வி. கொரியாவை விட்டு இருவரும் ஒரே வருடத்தில், 2006இல், வெளியேறினார்கள். அங்கே வீட்டுச் சமையலுக்கு வாங்கப் போகிறவர்கள் புது மீனையும் மரக்கறியையும் கண்ணால் பார்த்து எடுக்க விரும்பினார்கள். வந்தவர்களோ உயரமான தட்டுகளில் பெட்டி பெட்டியாக அடுக்கினார்கள். உள்ளூர் ஈ-மார்ட் சந்தையின் சத்தத்தையே கடைக்குள் கொண்டுவந்தது, கடைசியில் வோல்மார்ட்டின் கொரியக் கடைகளையும் வாங்கிக்கொண்டது.

இந்தியாவில் தடுத்தது சட்டம். பல வகைச் சாமான் விற்கும் கடையில் 51 வீதம்வரை அந்நிய முதலீட்டை 2012இல் அனுமதித்தார்கள், ஆனால் மாநில அரசு சம்மதிக்க வேண்டும் என்றார்கள். தமிழ்நாடு எதிர்த்தது. வாசல் கதவு திறக்காததால் வோல்மார்ட் வேறு கதவைத் தேடி, 2018இல் 1,600 கோடி டொலர் கொடுத்து இந்திய இணையக் கடையான ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கியது. தாய்லாந்தில் பிரிட்டனின் டெஸ்கோ 2020இல் தன் கடைகளை உள்ளூர் சிபி குழுமத்திடம் விற்றது. வெளியார் எல்லோரும் தோற்பதாக எழுதிவிடாதே. ஜப்பானின் ஏயோன் 1984இலிருந்து மலேசியாவில் நிற்கிறது.

மகள் எல்லாவற்றையும் போனிலேயே வாங்குகிறாள். இனிப் புறக்கோட்டைக்கு யார் போவார்கள்?
(கொட்டாஞ்சேனை வாசகி)

அக்கா, உங்கள் மகளுக்குச் சாமான் விற்கிற பையன்களில் எத்தனையோ பேர் சரக்கு எடுப்பது கெய்சர் வீதியிலும் பிரதான வீதியிலும்தான். நீங்கள் போகாவிட்டால் அவர்கள் உங்களுக்காகப் போகிறார்கள், அவ்வளவுதான்.

சீனாவில் சில்லறை விற்பனையின் கால் பங்குக்கு மேல் இணையத்தில் நடக்கிறது. அங்கே ஆட்களுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. 2004இல் வந்த அலிபே என்கிற அலிபாபா கொம்பனியின் பணம் கட்டும் சேவை, வாங்கியவர் ‘சாமான் கிடைத்தது’ என்று சொல்லும்வரை பணத்தைத் தன்னிடம் பிடித்துவைத்தது. அதற்குப் பிறகுதான் வியாபாரம் ஓடியது. அதே அலிபாபாதான் 2018இல், இங்கேயும் இணையத்தில் கடை நடத்துகிற டராஸை வாங்கியது. இங்கே நாங்கள் அந்த நம்பிக்கையை வேறு விதமாகச் சமாளிக்கிறோம்: பார்சலைக் கையில் வாங்கி, அதன் பிறகு காசு. மகளிடமும் அப்படியே செய்யச் சொல்லுங்கள், விலை கூடிய சாமானுக்கு முன்பணம் வேண்டாம்.

புறக்கோட்டையில் இருந்த மனிங் மரக்கறிச் சந்தை பேலியகொடைக்குப் போனது நல்லதா?
(மருதானை மரக்கறிக் கடைக்காரர்)

லொறிக்காரருக்கு நல்லது, நிறுத்த இடம் இருக்கிறது. கோட்டையில் ரயிலால் இறங்கி நடந்துபோய் இரண்டு சாக்கு வாங்கியவருக்குத்தான் நட்டம். பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேரைச் சேர்த்து ஒரு வண்டி பிடியுங்கள். விடியுமுன் போங்கள், வெயில் ஏறினால் மிஞ்சுவது வாடிய கீரைதான்.