போலீஸ் கூப்பிட்டா போயே ஆகணுமா? கேள்வி பதில்

கிரிமினல் சைடுல வக்கீலா பதினெட்டு வருஷமா ஓடிட்டிருக்கேன், தெரிஞ்சத சொல்றேன். கேஸ் ஏற்கனவே நடந்துட்டிருந்தா உங்க வக்கீல்கிட்டயே கேளுங்க, பாதிக் கதைய மட்டும் கேட்டு நான் ஏதாவது சொல்லப்போயி அது உங்களுக்கே வினையாயிடும்.

கே: சார், பக்கத்து வீட்டு அடிதடில சாட்சி சொல்லணும்னு அம்மாவ ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஏட்டு போன் மேல போன் போடுறார். அம்மாவுக்கு 58 வயசு. போகலைன்னா தூக்கிட்டு போயிடுவாங்களா?

இல்லம்மா, பயப்படாதீங்க. சாட்சிய கூப்பிடணும்னா எழுத்துல கூப்பிடணும், போன்ல அதட்டுறதெல்லாம் சம்மன் ஆகாது. பொம்பளைங்க எந்த வயசா இருந்தாலும் சரி, ஆம்பளைங்கள்ல 15க்கு கீழ 60க்கு மேல, மாற்றுத்திறனாளிங்க, உடம்புக்கு ரொம்ப முடியாதவங்க, இவங்கள எல்லாம் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கணும், பிஎன்எஸ்எஸ்னு இப்ப இருக்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 179வது பிரிவு அதான் சொல்லுது. இதுக்கு முந்தின பழைய சட்டமான சிஆர்பிசில 65ன்னு இருந்தத இதுல 60 ஆக்கிட்டாங்க. அம்மாவா விருப்பப்பட்டு போனா அது வேற. இன்னொண்ணு, சாட்சி சொன்னத போலீஸ் எழுதிக்கிட்டா அதுல கையெழுத்து வாங்கக் கூடாது, நீட்டுனா போடாதீங்க. ஆனா ஏட்டுகிட்ட சட்டம் பேசி மல்லுக்கு நிக்காதீங்க, "வீட்லதான் இருக்காங்க சார், வாங்க, காபி சாப்டுட்டே கேட்டுக்கலாம்"னு சொல்லுங்க. நான் பார்த்த வரைக்கும் பாதிப் பேர் அதுக்கப்புறம் கூப்பிடுறதே இல்ல.

கே: அண்ணே எனக்கு வாட்ஸ்அப்ல நோட்டீஸ் வந்துருக்கு, 35(3)னு போட்டுருக்கு. செல்லுமா?

செல்லாது தம்பி. பிஎன்எஸ்எஸ் 35(3)படி வர்ற இந்த நோட்டீஸ வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு முறையா கொடுத்தாச்சுன்னு சொல்லாதீங்கன்னு சுப்ரீம் கோர்ட் 2025 ஜனவரில தெளிவா சொல்லிடுச்சு. அதுக்காக அழிச்சிடாத, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு வக்கீல பாரு. உள்ளபடி 35(3) நோட்டீஸ் உனக்கு நல்லதுதான், "இப்ப உன்ன கைது பண்ணல, வந்து பதில் சொல்லு"ங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். முறையா கைக்கு வந்தப்புறம் போகாம இருந்தாதான் சிக்கல்.

கே: சிபிஐன்னு சொல்லி வீடியோ கால்ல டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒருத்தன்...

கட் பண்ணுங்க. அப்படி ஒரு அரெஸ்ட் எந்தச் சட்டத்துலயும் கிடையாது. காசு போயிடுச்சுன்னா உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க.

கே: ஊர்ல ஆடு திருட வந்தவன கையும் களவுமா புடிச்சு மரத்துல கட்டிவச்சு நாலு தட்டு தட்டுனோம். இப்ப எங்க மேலயே கேஸுங்கிறாங்க, என்னங்க நியாயம்?

புடிச்சது சரி, அடிச்சது தப்பு. பொதுஜனமே ஒருத்தன கைது பண்ண சட்டத்துல இடம் இருக்கு, ஆனா குத்தம் உங்க கண்ணு முன்னாடி நடந்திருக்கணும், அது ஜாமீன உரிமையா கேக்க முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமயே புடிக்கக்கூடிய குத்தமா இருக்கணும், ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைக்கணும். அவன் அருவாளோட பாஞ்சா தடுக்க நீங்க அடிச்சது தற்காப்பு. கட்டிப்போட்டவன் எங்கிருந்து பாயப்போறான்? கட்டுனதுக்கு அப்புறம் விழுந்த ஒவ்வொரு அடியும் உங்க கணக்குதான். எனக்கும் கோவம் புரியுது, எங்க வீட்லயும் ஆடு போயிருக்கு.

கே: ரவுடிய என்கவுண்டர்ல போட்டா ஜனங்க பட்டாசு வெடிக்கிறாங்க. நீங்க வக்கீலுங்க மட்டும் ஏன் சார் எதிர்க்கிறீங்க?

இதத்தான் நிறையப் பேர் கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். சுடுறதுக்குன்னு போலீஸுக்கு தனி லைசென்ஸ் எதுவும் கிடையாது, உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே தற்காப்பு உரிமைதான் அவங்களுக்கும் பெரும்பாலும் கைகொடுக்கும். கைது பண்ண பலத்த பயன்படுத்தலாம், ஆனா மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கிற குத்தத்துல சிக்காதவன கைதுங்கிற பேர்ல கொல்ல உரிமை இல்லன்னு பிஎன்எஸ்எஸ் 43லயே இருக்கு. 2014ல பியூசிஎல்ங்கிற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒரு லிஸ்டே போட்டுச்சு, என்கவுண்டர் சாவுன்னா எஃப்ஐஆர் போடணும், சிஐடியோ வேற ஸ்டேஷன் ஆளுங்களோ விசாரிக்கணும், மாஜிஸ்ட்ரேட் விசாரணை நடக்கணும், சம்பவம் முடிஞ்ச கையோட பதவி உயர்வு, விருதுன்னு கொடுக்கக் கூடாது. இதெல்லாம் சட்டம். தர்மம்னு கேட்டா, செத்தவன் ரவுடின்னு உங்களுக்கு யாரு சொன்னா? சுட்டவங்கதானே சொன்னாங்க. வேற யாரும் சரிபாக்கலியே. எங்கிட்ட ஒரு பையன் கேஸ் வந்துச்சு, நகைத் திருடன்னு ரெண்டு மாசம் உள்ள வச்சுருந்தாங்க, கடைசில பாத்தா பேரு மட்டும்தான் ஒண்ணு, ஆளு வேற. சுடாம ஜெயில்ல வச்சிருந்ததால உயிரோட வெளிய வந்தான். அத நினைச்சா எனக்கு பட்டாசு வெடிக்கத் தோணல.

கே: அக்காவ ராத்திரி வந்து கைது பண்ணலாமா?

சூரியன் மறைஞ்சதுலருந்து உதிக்கிற வரைக்கும் கூடாது. ரொம்ப அவசியம்னா பெண் போலீஸ் அதிகாரி எழுதிக்கொடுத்து மாஜிஸ்ட்ரேட்கிட்ட முன்னாடியே அனுமதி வாங்கிட்டு வரணும். வந்தா அந்த ஆர்டர காட்டச் சொல்லுங்க. யாரா இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தியாகணும், பயண நேரம் மட்டும் இதுல சேராது.

கே: வக்கீல் வைக்க காசில்லாதவங்க என்ன பண்றது சார்?

15100க்கு போன் பண்ணுங்க, இலவச சட்ட உதவி. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மொதல் கேள்வி கேட்ட தங்கச்சி, அம்மா பேருல நீங்களும் கேக்கலாம்.