ஹெட் போச்சா, அடைப்பா? போட்டோ பிரிண்டர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஸ்டூடியோவில் ஆறு கலர் இங்க் டேங்க் பிரிண்டர் நான்கு வருடமாக ஓடுகிறது. ஆடியில் வேலை இல்லாமல் மூன்று வாரம் சும்மா கிடந்தது. இப்போது பாஸ்போர்ட் போட்டோவில் முகம் பச்சையடித்து வருகிறது. ஏழெட்டுத் தடவை ஹெட் கிளீனிங் (தாளில் இங்க் தெளிக்கும் பாகத்தைப் பிரிண்டரே சுத்தம் செய்வது) கொடுத்தும் சரியாகவில்லை. சர்வீஸ்காரர், "ஹெட் போச்சு, புதுசே வாங்கிடுங்க" என்கிறார். வாங்கிவிடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று தெரியாமல் புதிது வாங்குவது பணத்துக்குக் கேடு. மூன்று வாரம் சும்மா கிடந்த பிரிண்டரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காய்ந்துபோன இங்க்கைத்தான். ஆறு கலர் பிரிண்டர் முகத்தின் வெளிர் நிறத்தைப் பெரும்பாலும் லைட் மெஜந்தாவையும் மஞ்சளையும் வைத்துத்தான் போடுகிறது. பச்சையடித்தால் மெஜந்தாவோ லைட் மெஜந்தாவோ சரியாக இறங்கவில்லை என்று பொருள்.

முதல் வேலை, கிளீனிங்கை நிறுத்துங்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல கலர்களின் இங்க்கையும் சேர்த்து உறிஞ்சி, அடியில் கழிவு இங்க் சேரும் பஞ்சான வேஸ்ட் பேடில் கொட்டுகிறது. மூன்று தடவைக்குள் சரியாகாவிட்டால் பிரிண்டரை அணைத்து 12 மணி நேரம் அப்படியே விடுங்கள். டியூபில் புகுந்த காற்றுக் குமிழ்கள் அதற்குள் அடங்கும். பிறகு சாதாரண ஏ4 தாளில் நாசில் செக்கை (ஹெட்டின் நுண்துளைகளான நாசில்கள் எல்லாம் இங்க் விடுகின்றனவா என்று காட்டும் சோதனைக் கோடுகள்) இரண்டு முறை எடுத்து, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டுப்போன கோடுகள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் அடைப்பு, அல்லது செத்த நாசில். முதல் தாளில் ஓரிடம், அடுத்ததில் வேறிடம் என்று மாறினால் ஹெட்டில் கோளாறு இல்லை; காற்று புகுந்திருக்கிறது, அல்லது இங்க் வரத்து போதவில்லை. அப்போது டேங்க் அளவு, டியூப், டேம்பர் (டியூபில் வரும் இங்க்கை ஹெட்டுக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி) என்று வரிசையாகப் பாருங்கள். சில மாடல்களில் டேங்க் பக்கத்தில் இங்க் வழியை அடைக்கும் ஒரு லாக் திருகு இருக்கும். பிரிண்டரை இடம் மாற்றும்போது அடைத்துவிட்டுத் திறக்க மறப்பது அடிக்கடி நடக்கிறது.

ஒரே இடத்தில் விடுபட்டால் ஊறவைத்துப் பாருங்கள். பிரிண்டரை ஆன் செய்து, ஹெட் வலது ஓரத்தை விட்டு நகர்ந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். இப்போது ஹெட்டைக் கையால் தள்ளலாம். பஞ்சு உதிராத துணியை 3 செ.மீ. அகலத்துக்கு மடித்து, டை இங்க்குக்கான (சாயம் கரைந்த இங்க்) ஹெட் கிளீனரிலோ டிஸ்டில்டு வாட்டரிலோ நனைத்துப் பிழியுங்கள். சொட்டக் கூடாது. ஹெட் வரும் வழியில் துணியை வைத்து, ஹெட்டை அதன்மேல் நகர்த்தி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் துணியைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இங்க் இறங்கும் கலர் எல்லாம் தனித்தனிப் பட்டையாக ஊறியிருக்கும். அடைத்த கலரின் இடம் வெளுப்பாக இருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கம் போகவே வேண்டாம், ஹெட்டின் ஒட்டுப்பசையைக் கரைத்துவிடும். சிரிஞ்சை வைத்து அழுத்தி அடிப்பதும் கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய படலம் கிழிந்தால் நிஜமாகவே ஹெட் போய்விடும்.

ஹெட் நகர்ந்திருக்கும் அதே நேரத்தில் வலது ஓரத்தில் ரப்பர் விளிம்புள்ள சின்னத் தொட்டி தெரியும். அதுதான் கேப்பிங் ஸ்டேஷன். அதன் விளிம்பில் இங்க் ஆடையாகக் காய்ந்திருந்தால் ஹெட்டோடு ஒட்டி மூடாது. மூடாவிட்டால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும், இங்க் வராது. நீங்கள் ஏழெட்டுத் தடவை கிளீனிங் கொடுத்தும் பலன் இல்லாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஈரமான பட்ஸால் விளிம்பைத் துடைத்து, தொட்டியில் விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரை டிஸ்டில்டு வாட்டர் விட்டு, ஹெட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளி, ஒரே ஒரு கிளீனிங் கொடுங்கள். திரும்பத் திறந்து பார்க்கும்போது தண்ணீர் வற்றியிருந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. அப்படியே நின்றால் பம்ப் அல்லது அதன் டியூப் பழுது. கேப்பிங், பம்ப், டேம்பர் மூன்றுமே ஹெட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த விலையுள்ள பாகங்கள். இவற்றுக்காக ஒரு பிரிண்டரைத் தூக்கி எறியக் கூடாது.

இதற்கெல்லாம் மசியாமல் ஒரே கலர் முழுக்க வெள்ளையாக வந்தால்தான் ஹெட் பேச்சு. எப்சன் வகையில் இருப்பது பீசோ ஹெட். இங்க்கைச் சூடாக்காமல் மின்னழுத்தத்தால் அசைந்து தள்ளும். மெஷினின் ஆயுள் முழுக்க உழைக்கும்படி செய்தது, அதனால்தான் விலை அதிகம். கேனான் ஜி வரிசையில் இங்க்கைச் சூடாக்கித் தள்ளும் ஹெட். அது தேயக்கூடியது என்பதால் கழற்றி மாற்றும்படியே வைத்திருக்கிறார்கள். அங்கே ஹெட் மாற்றுவது பெரிய விஷயமே இல்லை.

பீசோ ஹெட் என்றால் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள்: பாகத்தின் விலை, கூலி, ஜிஎஸ்டி, எத்தனை மாத கேரண்டி. ஹெட் புதிதா, வேறு மெஷினில் கழற்றியதா என்று நேராகக் கேளுங்கள். மொத்தம் புது பிரிண்டர் விலையில் பாதியைத் தாண்டினால் செய்யாதீர்கள். பாதிக்குள் இருந்தால் மாற்றலாம், ஆனால் நாசில் செக் தாளைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஹெட்டோடு அதை இயக்கும் மெயின் போர்டும் போயிருக்கிறது என்றால் யோசிக்காமல் புதிது வாங்குங்கள். ஹெட்டுக்குப் போகும் ஃபிளாட் கேபிளில் இங்க் கசிந்து ஷார்ட் ஆனால் இரண்டும் சேர்ந்தே போகும்; ஒன்றை மட்டும் மாற்றினால் கெட்டது நல்லதையும் எரித்துவிடும்.

கையிருப்பு இங்க்கையும் கணக்கில் சேருங்கள். புது மாடலுக்குப் பெரும்பாலும் பாட்டிலே வேறாக இருக்கும்.

கேள்வி: பிரிண்டரில் சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிகின்றன. எந்தத் தாளும் இழுக்கவில்லை. "பேட் ஃபுல், ரீசெட் போட்டால் போதும்" என்கிறார்கள். ரீசெட் மட்டும் போடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: போடலாம், ஆனால் பேடையும் சேர்த்து மாற்றுங்கள். கிளீனிங்கில் உறிஞ்சிய இங்க் அடியில் இருக்கும் பஞ்சில்தான் போய்ச் சேருகிறது. பிரிண்டர் அந்தப் பஞ்சை எடை போட்டுப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கிளீனிங்கிலும் எவ்வளவு இங்க் போயிருக்கும் என்று கூட்டிக்கொண்டே வந்து, கணக்கு முடிந்ததும் நிறுத்திவிடுகிறது. ரீசெட் போட்டால் கணக்குதான் பூஜ்யமாகும், பஞ்சில் இங்க் அப்படியே நிற்கும். அடுத்த சில மாதத்தில் மேஜையில் வழியும், பவர் சப்ளை வரை போனால் மொத்தமும் வீண். கையுறை போட்டுச் செய்தால் பேட் மாற்றுவது சுலபமான வேலை. இந்த ஒரு காரணத்துக்காகப் புது பிரிண்டர் வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள். அடுத்த முறை வாங்கும்போது, கழிவு இங்க் சேரும், நாமே கழற்றி மாற்றக்கூடிய மெயின்டனன்ஸ் பாக்ஸ் உள்ள மாடலாகப் பாருங்கள்.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் உடனடிப் படம் போட ரிப்பன் ரோல் பிரிண்டர் வைத்திருக்கிறேன். எல்லாப் படத்திலும் மெல்லிய வெள்ளைக் கோடு நீளவாக்கில் விழுகிறது. மெஷினையே மாற்ற வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் ரிப்பன் பிரிண்டர் டை-சப்ளிமேஷன் வகை; அதில் இங்க் அடைப்பு என்ற பேச்சே கிடையாது. தெர்மல் ஹெட்டில் வரிசையாக இருக்கும் நுண்ணிய சூட்டுப் புள்ளிகள்தான் ரிப்பனிலிருந்து மஞ்சள், மெஜந்தா, சையான் சாயத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தாளுக்கு ஏற்றுகின்றன. நான்காவதாகப் பாதுகாப்புப் பூச்சு. தாள் நகரும் திசையில், எப்போதும் ஒரே இடத்தில் கோடு வந்தால், ஒரு புள்ளியின்மேல் தூசி இருக்கிறது அல்லது அந்தப் புள்ளி எரிந்துவிட்டது. மெஷினை அணைத்து, ஹெட் ஆறியதும், பஞ்சு உதிராத ஸ்வாபில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில் துடையுங்கள். விரல் நகமோ உலோகமோ படக் கூடாது. முழுக்க உலர்ந்த பிறகு ரிப்பனைப் போட்டு ஓட்டுங்கள். கோடு அதே இடத்தில் நின்றால் ஹெட் மாற்ற வேண்டியதுதான்.

கோட்டுக்குப் பதில் புள்ளிகள் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். அந்த இடைவெளி ஏதாவதொரு ரோலரின் சுற்றளவோடு ஒத்துப்போகும். அழுக்கு அந்த ரோலரில்தான். ஒரு கலரில் மட்டும் சாய்வான சுருக்கம் தெரிந்தால் ரிப்பன் தளர்வாக மாட்டியிருக்கிறீர்கள்.

ரோல் போடும் தொழில்முறை மெஷினில் ஹெட் தேய்மானப் பாகம். இதுவரை ஓடிய பிரிண்ட் எண்ணிக்கையைப் பார்த்து, கட்டர், ரோலர், மோட்டார் நன்றாக இருந்தால் ஹெட்டை மாற்றிக்கொண்டு ஓட்டுங்கள். வாங்கி வைத்த ரோல்களும் வீணாகாது. வீட்டில் வைக்கும் சிறிய வகைக்கு இது கட்டுப்படியாகாது. அதில் ஹெட் போனால் மெஷினையே மாற்றலாம். அப்போதும் கையிருப்புத் தாள் வீணாக வேண்டியதில்லை; உதாரணமாக, இந்தச் சிறிய வகையில் வரும் கேனான் செல்ஃபி சிபி1300-க்கு வாங்கிய 108 தாள் செட் சிபி1500-லும் ஓடும்.

கேள்வி: நாசில் செக் பிசிறில்லாமல் வருகிறது. ஆனாலும் படம் மங்கலாக, கருஞ்சிவப்பாக இருக்கிறது. பிரிண்டருக்கு வயதாகிவிட்டதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நாசில் செக் சுத்தமாக இருக்கும்வரை பிரிண்டரை மாற்ற நினைக்காதீர்கள். பிரிண்ட் செட்டிங்கில் பேப்பர் டைப் 'பிளெய்ன்' என்று இருக்கிறதா பாருங்கள். கிளாஸி தாளுக்குக் கிளாஸி என்றே கொடுங்கள். தாளின் பூச்சுப் பக்கம்தான் அச்சாகிறதா என்றும் பாருங்கள். சமீபத்தில் வேறு கம்பெனி இங்க் ஊற்றியிருந்தால் பழைய கலர் செட்டிங் அதற்குப் பொருந்தாது; அந்த இங்க்குக்கும் தாளுக்கும் சேர்த்து ஐசிசி புரொஃபைல் (கலரைச் சரியாக அச்சிட வழிகாட்டும் கோப்பு) போட வேண்டும். கம்ப்யூட்டரில் போட்டோஷாப்பும் பிரிண்டர் டிரைவரும் இரண்டுமே கலர் திருத்தம் செய்தால் சிவப்பு தூக்கலாக வருவதுண்டு. போட்டோஷாப்பில் கலரைக் கையாளும்போது டிரைவரில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' கொடுத்து ஒரு 4x6 எடுத்துப் பாருங்கள்.